பத்மநாபபுரத்தில் வீட்டுத் தோட்டமும் மாடித் தோட்டமும்

கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் வட்டத்தில் உள்ள பத்மநாபபுரம் போன்ற ஒரு சிறு நகரில், வீட்டைச் சுற்றியுள்ள குறுகிய நிலத்திலும் மொட்டை மாடியிலும் மதிலோரத்திலும் காய்கறி, மூலிகை, பூச்செடிகளை வளர்க்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. தமிழ்நாட்டுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் விதைப்புப் பட்டமும் மண்கலவையும் இந்த ஊருக்கு அப்படியே பொருந்துவதில்லை. பிற மாவட்டங்களில் செடிக்கு நீர் போதாமை முதன்மைச் சிக்கல் என்றால், இங்கே ஆண்டின் பாதிக்கு மேல் நீர் மிகுதியே சிக்கல். அதற்கு விடை இம்மாவட்டத்தின் பழைய வீட்டுத் தோட்டமான ‘விளை’யில் ஏற்கெனவே இருக்கிறது.

ஊரும் இடமும்

பத்மநாபபுரத்தின் பழைய பெயர் கல்குளம். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மர் காலத்தில் இப்பெயர் பெற்றது. தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு மாறும் வரை (1795) நாட்டின் தலைமையிடமாக இருந்தது. வேளிமலை அடிவாரத்தில், சுமார் 185 ஏக்கர் பரப்பைச் சூழ்ந்த கருங்கற் கோட்டைக்குள் புகழ்பெற்ற மர அரண்மனை அமைந்துள்ளது. 1956 நவம்பர் 1 அன்று இப்பகுதி தமிழ்நாட்டுடன் இணைந்த பின்னும் அரண்மனை கேரளத் தொல்லியல் துறையின் பராமரிப்பிலேயே உள்ளது. 2014 முதல் அது யுனெஸ்கோ உலக மரபுக் களங்களுக்கான உத்தேசப் பட்டியலிலும் இடம்பெற்றிருக்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி நகராட்சியின் மக்கள்தொகை சுமார் 21,000. அருகிலுள்ள தக்கலையுடன் சேர்ந்து இன்று ஒரே நகர்ப்பகுதி போலவே தோன்றுகிறது.

அரண்மனையின் கூரை தோட்டத்துக்கும் ஒரு செய்தி சொல்கிறது. அது செங்குத்தாகச் சரிந்த ஓட்டுக் கூரை. இப்பகுதியின் பழைய வீடுகளும் அப்படியே கட்டப்பட்டன. அடிக்கடி பெய்யும் மழை கூரையில் ஒரு நிமிடம்கூட நிற்கக் கூடாது என்பதே அதன் நோக்கம். தட்டையான கான்கிரீட் மாடி இங்கே அண்மைக் காலத்து வரவு. ஆகவே மாடித் தோட்டமும் புதியதே. ஆனால் வீட்டையொட்டித் தோட்டம் வைப்பது மிகப் பழைய வழக்கம்.

விளை: பழைய வீட்டுத் தோட்டம்

கன்னியாகுமரி மாவட்டத்தில் வயல் அல்லாத மேட்டுத் தோட்ட நிலத்தை ‘விளை’ என்பர். பெருவிளை, கட்டையன்விளை என ஊர்ப்பெயர்களிலும் இச்சொல் நிலைத்துள்ளது. மாவட்டத்தின் பல பகுதிகளில் வீடுகள் தெருவாக நெருங்கி நிற்காமல், அவரவர் விளைக்குள் தனித்தனியே அமைந்தன. கேரளத்தின் வீட்டுத் தோட்டத்தைப் போலவே விளையும் அடுக்கடுக்கானது.

மேலடுக்கில் தென்னையும் சக்கை எனப்படும் பலாவும் மாவும் நிற்கும். மரத்தைப் பற்றி நல்லமிளகும் வெற்றிலையும் ஏறும். நடு அடுக்கில் முருங்கை, கறிவேப்பிலை, அகத்தி, மட்டி, செந்துளுவன், ஏத்தன் முதலிய வாழைகள் வளரும். இவற்றில் கன்னியாகுமரி மட்டி வாழை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. கீழடுக்கில் மரச்சீனி, சேனை, சேம்பு, காய்ச்சில், சிறுகிழங்கு, இஞ்சி, மஞ்சள் இருக்கும். அடுக்களையின் புறவாசலில், பாத்திரம் கழுவும் நீர் ஓடும் இடத்தில் வாழையோ சேம்போ நிற்கும்.

இந்த அமைப்பின் அடிப்படைகள் நான்கு. ஒன்று, பெரும்பாலானவை பல்லாண்டுச் செடிகள் அல்லது தண்டு, கிழங்கிலிருந்து மீண்டும் தளிர்ப்பவை. ஒவ்வொரு பட்டத்திலும் விதை வாங்கும் தேவை குறைவு. இரண்டு, வெயில் வேண்டியது மேலும் நிழல் தாங்குவது கீழுமாக ஒரே இடம் பலமுறை பயன்படுகிறது. மூன்று, விழும் சருகும் அடுக்களைக் கழிவும் மண்ணுக்கே திரும்புகின்றன. நான்கு, மண் மேடாகவும் பாத்தி உயர்த்தியும் இருப்பதால் மழைநீர் வேரில் தேங்குவதில்லை.

பாகப்பிரிவினையும் வீட்டுமனை விற்பனையும் விளைகளைச் சுருக்கிவிட்டன. இன்று பல வீடுகளுக்கு மிஞ்சியது மதிலுக்கும் சுவருக்கும் இடைப்பட்ட சில அடி அகலமும் ஒரு மாடியும்தான். விளையின் பரப்பு போய்விட்டாலும் மேற்சொன்ன நான்கு அடிப்படைகளையும் சில சதுர மீட்டரில் கடைப்பிடிக்க முடியும்.

மழையும் பட்டமும்

வேளாண் காலநிலை வகைப்பாட்டில் தமிழ்நாட்டின் ஏழு மண்டலங்களுள் கன்னியாகுமரி மாவட்டம் ‘அதிக மழைப்பொழிவு மண்டலம்’ ஆகும். ஆண்டுச் சராசரி மழை 1,400 மி.மீ.க்கு மேல். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் ஏறத்தாழச் சம அளவில், ஒவ்வொன்றும் 500 மி.மீ.க்கு மேல் தருகின்றன. கோடை மழையும் உண்டு. நாஞ்சில் நாட்டு நெல் சாகுபடியின் கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரு பருவங்களும் இந்த இரட்டை மழையை ஒட்டி அமைந்தவையே. கொல்லம் ஆண்டின் கன்னி, கும்பம் ஆகிய அறுவடை மாதங்களால் அப்பெயர்கள் வந்தன.

ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மி.மீ. மழை பெய்தால் அது 1 லிட்டர் நீர். 50 சதுர மீட்டர் மாடியில் 10 மி.மீ. மழை பெய்தாலே 500 லிட்டர் நீர் இறங்கும். ஒரே நாளில் 100 மி.மீ. பெய்தால் 5,000 லிட்டர். மாடியில் பை வைக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இந்த நீர் போகும் வழியைத்தான்.

இதனால் ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்ற பொது அறிவுரையை இங்கே சற்று மாற்றிக்கொள்ள வேண்டியுள்ளது. ஆண்டை நான்காகப் பிரிக்கலாம்.

சித்திரை, வைகாசி (ஏப்ரல் நடு முதல் ஜூன் நடு வரை): கோடை மழையோடு இஞ்சி, மஞ்சள், சேனை, சேம்பு, காய்ச்சில் நடுவதற்கு ஏற்ற காலம். பல்லாண்டுச் செடிகளின் போத்துகளையும் அப்போது நடலாம்.

ஜூன், ஜூலை: தொடர் மழை. கொடிப் பசலை, சேம்பிலை, கறிவேப்பிலை, காந்தாரி மிளகாய் ஆகியவை தாங்கும். தக்காளி நாற்று பெரும்பாலும் அழுகும்.

ஆகஸ்ட், செப்டம்பர்: இரு மழைகளுக்கும் இடைப்பட்ட தெளிவு. வெண்டை, பயிற்றங்காய், பாகல், பீர்க்கு ஆகியவற்றை விதைக்கலாம். அக்டோபர் கனமழைக்குள் முதல் காய்ப்பு கிடைத்துவிடும்.

டிசம்பர் இறுதி முதல் மார்ச் வரை: ஆண்டின் சிறந்த காய்கறிக் காலம். தக்காளி, வழுதலங்காய் எனப்படும் கத்தரி, கொத்தமல்லி, தண்டங்கீரை, வெள்ளரி, தடியங்காய் எனப்படும் சாம்பல் பூசணி ஆகியவை வளரும். நீர் ஊற்ற வேண்டிய காலமும் இதுவே.

மண்கலவை

இப்பகுதி மண் பெரும்பாலும் செம்புறைமண். மழை சுண்ணாம்புச் சத்தை அரித்துச் செல்வதால் அது அமிலத் தன்மை கொண்டிருக்கும். நடுவதற்கு 10 முதல் 15 நாட்களுக்கு முன் பைக்கு ஒரு சிறு கரண்டி அளவு நீற்றுச் சுண்ணாம்போ டோலமைட்டோ கலந்து ஈரப்படுத்தி வைத்தால் அமிலத் தன்மை தணியும். சுண்ணாம்பையும் சாணி உரத்தையும் ஒரே நாளில் கலக்கக் கூடாது. அப்படிக் கலந்தால் தழைச்சத்து அம்மோனியாவாக ஆவியாகிவிடும்.

மண், மக்கிய உரம், தென்னை நார்க்கழிவு ஆகியவற்றைச் சம அளவில் கலப்பது பொதுவான முறை. நார்க்கழிவு தன் எடையைப் போலப் பல மடங்கு நீரைப் பிடித்து வைக்கும். வறண்ட காலத்தில் அது நன்மை. மழைக்காலத்தில் அதுவே வேரழுகலுக்குக் காரணமாகிறது. ஆகவே மழைக்காலத்துப் பைகளில் நார்க்கழிவைப் பாதியாகக் குறைத்து, அந்த அளவுக்குப் பருமணலோ நொறுக்கிய ஓட்டுத் துண்டோ கலவை முழுவதும் கலக்க வேண்டும். பையின் அடியில் மட்டும் ஓட்டுச் சில்லுகளை அடுக்குவது துளை அடைபடாமல் காக்குமே தவிர, மேலுள்ள மண்ணின் ஈரத்தை வடிக்காது. நுண்ணிய மண் தன் ஈரத்தைப் பருமனான அடுக்குக்கு எளிதில் விடாது என்பதே காரணம். பச்சை நார்க்கழிவில் டானினும் உப்பும் இருக்கும். மக்கியதையோ இரண்டு மூன்று முறை அலசியதையோதான் பயன்படுத்த வேண்டும்.

இடத்துக்கேற்ற செடிகள்

காய்க்கும் செடிகளுக்கு நாளொன்றுக்கு 6 மணி நேர நேர் வெயில் வேண்டும். கீரைக்கு 3 முதல் 4 மணி நேரம் போதும். தென்னை நிழலும் அண்டை வீட்டுச் சுவரும் மறைக்கும் இவ்வூர் மனைகளில் வெயிலைப் பார்த்தே செடியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். காலை 9, நண்பகல் 12, மாலை 3 மணிக்கு நிழல் எங்கே விழுகிறது என்று ஒரு நாள் குறித்துவைத்தால் போதுமானது.

மாடி: வெண்டை, தக்காளி, கத்தரி, மிளகாய், பயிற்றங்காய். கம்பி அல்லது கயிற்றில் ஏற்றினால் பாகலும் பீர்க்கும் குறைந்த இடத்தில் காய்க்கும். இம்மாவட்டத்தில் பல மாடிகளின் மேல் ஒழுக்குக்கும் வெப்பத்துக்கும் அஞ்சித் தகரக் கூரை போடப்படுகிறது. அத்தகைய மாடியில் வெயில் விழும் ஓரங்கள் மட்டுமே காய்கறிக்கு உதவும். உட்பகுதியில் கீரையும் நாற்றங்காலும் வைக்கலாம். கனமழைக்கு ஒதுங்க அது நல்ல இடம்.

மதிலோரம்: முருங்கை, கறிவேப்பிலை, அகத்தி, தவசிக்கீரை, பப்பாளி. முருங்கையை ஆண்டுதோறும் மார்பளவுக்கு வெட்டிவிட்டால் இலை கைக்கெட்டும். காற்றில் முறிந்து விழாது.

நிழல்: இஞ்சி, மஞ்சள், சேம்பு, வெற்றிலை, வல்லாரை, புதர் மிளகு. நல்லமிளகுக் கொடியில் காய் தாங்கும் பக்கக் கிளையை வெட்டி வேர்விடச் செய்தால் அது கொடியாக ஏறாமல் புதராகவே வளர்ந்து தொட்டியில் காய்க்கும். மரம் இல்லாத வீட்டிலும் மிளகு பறிக்க இது வழி.

மூலிகை: துளசி, நவரப்பச்சிலை எனப்படும் கற்பூரவல்லி, தூதுவளை, ஆடாதோடை, பிரண்டை, கீழாநெல்லி. இவற்றில் கற்பூரவல்லியும் பிரண்டையும் நீர் தேங்கினால் அழுகும். கூரையின் இறவாணத்துக்குக் கீழே நேரே மழைநீர் கொட்டாத இடத்தில் வைக்க வேண்டும். வல்லாரைக்கு ஈரமான இடமே பிடிக்கும். கீழாநெல்லி இனத்தில் ஒன்றைப் போலவே தோன்றும் பல செடிகள் உள்ளன. அடையாளம் உறுதியாகாமல் மருந்தாக உண்ணலாகாது.

பூ: பிச்சி, செம்பருத்தி, தெற்றி, நந்தியாவட்டை, அரளி, கேந்தி. மாவட்டத்தின் தோவாளைப் பூச்சந்தையில் ஓணம், நவராத்திரிக் காலங்களில் கேரளத் தேவையால் விலை ஏறும். பத்மநாபபுரத்துத் தேவாரக்கட்டு சரசுவதி சிலை நவராத்திரிக்காகத் திருவனந்தபுரத்துக்கு ஊர்வலமாகச் செல்வதும் அந்நாட்களில்தான். கேந்தி நாற்று நட்டு ஏறத்தாழ இரண்டு மாதத்தில் பூக்கும் என்பதால், நவராத்திரிக்கு ஜூலை இறுதியில் நட வேண்டும். அரளியின் எல்லாப் பகுதியும் நச்சு. குழந்தைகளும் ஆடுகளும் எட்டாத இடத்தில் வைப்பது நல்லது.

வாடல் நோயும் பூச்சிகளும்

வளமாக நின்ற தக்காளிச் செடி இலை மஞ்சளாகாமலே ஒரே வாரத்தில் சாய்ந்துவிடுவது இப்பகுதியில் காணப்படும் இழப்பு. இது பெரும்பாலும் மண்ணில் வாழும் பாக்டீரியாவால் வரும் வாடல் நோய். அமில மண்ணும் ஈரமும் வெப்பமும் அதற்கு ஏற்றவை. நீர் போதவில்லை என்று எண்ணி மேலும் ஊற்றினால் நோய் அடுத்த செடிக்கும் பரவும். சோதிப்பது எளிது. வாடிய தண்டை வெட்டித் தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் நிறுத்தினால், சில நிமிடங்களில் வெண்ணிறப் பாகு நூல்போல இறங்கும்.

நோய் வந்த செடிக்கு மருந்து இல்லை. செடியையும் அந்த மண்ணையும் அகற்ற வேண்டும். அதே பையில் தக்காளி, கத்தரி, மிளகாய் இனங்களை மீண்டும் நடாமல் கீரையோ வெண்டையோ நடலாம். கேரள வேளாண் பல்கலைக்கழகம் இந்நோயைத் தாங்கும் இரகங்களை வெளியிட்டுள்ளது. தக்காளியில் சக்தி, முக்தி, அனகா. கத்தரியில் சூர்யா, சுவேதா, ஹரிதா. மிளகாயில் உஜ்வலா ஆகியவை அவற்றுள் சில. எல்லைக்கு அப்பாலான மண்ணும் மழையும் இங்குள்ளவற்றைப் போன்றவையே என்பதால் இவை பத்மநாபபுரத்துக்குப் பொருந்தும். கத்தரி, தக்காளி நாற்றைச் சுண்டைக்காய்ச் செடியின் அடித்தண்டில் ஒட்டுக்கட்டுவது இன்னொரு வழி.

2016இல் இந்தியாவில் கண்டறியப்பட்ட சுருள் வெள்ளை ஈ தென்னையைத் தாக்குகிறது. அது சுரக்கும் தேன்போன்ற கழிவு கீழுள்ள செடிகளின் இலையில் விழுந்து கரும்பூசணமாகப் படியும். செடிக்கு நோய் இல்லை. மேலுள்ள மரத்தைப் பார்க்க வேண்டும். இலைகளைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினாலே பெரிதும் சரியாகும். மாவுப்பூச்சிக்கும் அசுவினிக்கும் ஒரு லிட்டர் நீரில் 5 மி.லி. வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கலாம். மழைக்கால ஆப்பிரிக்க நத்தைகளை இரவில் விளக்கு வைத்துக் கையுறை அணிந்து பொறுக்குவதே பயன் தரும்.

தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டுகளில் நிற்கும் தெளிந்த நீர், டெங்கு பரப்பும் ஏடிசு கொசுவின் பிறப்பிடம். முட்டை கொசுவாக ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் போதும். மழைக்காலத்தில் தட்டுகளை எடுத்துவிட வேண்டும் அல்லது வாரம் ஒருமுறை கவிழ்த்துத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

மாடியின் பாரமும் காற்றும்

ஏறிச் செல்லத்தக்க மாடிக்கு இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 875 குறிக்கும் பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்கு சுமார் 150 கிலோ. ஏறிச் செல்லாத கூரைக்கு அதில் பாதி. 20 லிட்டர் பையை வெறும் மண்ணால் நிரப்பினால், மழையில் நனைந்தபின் 30 கிலோவைத் தாண்டும். சதுர மீட்டருக்கு ஐந்து பைகளிலேயே வரம்பு நிறைந்துவிடும். நடக்கும் ஆளின் எடை அதற்கு மேல். ஆகவே பைகளை மாடியின் நடுவில் குவிக்காமல், கீழே சுவரும் உத்திரமும் உள்ள ஓரங்களில், சதுர மீட்டருக்கு இரண்டு மூன்று என வைப்பது பாதுகாப்பு. செங்கல்லின் மேல் பையைத் தூக்கி வைத்தால் நீர் வடியும், தளமும் காயும். மழைக்கு முன் நீர் வடிகுழாயின் வாயில் வலை பொருத்த வேண்டும். சருகு அடைத்த ஒரு குழாயே மாடியைக் குளமாக்கிவிடும்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் இம்மாவட்டத்தில் வாழை, இரப்பர், தென்னை மரங்களைப் பெருமளவில் சாய்த்தது. கைப்பிடிச் சுவரின் மேல் தொட்டி வைப்பதும், கட்டாத பந்தலும் நிழல்வலையும் அத்தகைய காற்றில் ஆபத்தாகும். புயல் எச்சரிக்கை வந்தால் வலையை அவிழ்த்து, தொட்டிகளைத் தரையில் இறக்கிவிட வேண்டும்.

அரசுத் திட்டங்களும் வழிகாட்டலும்

தமிழ்நாட்டில் 2013இல் சென்னையிலும் கோவையிலும் தோட்டக்கலைத் துறை மாடித் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. 2021இன் இறுதியில் தொடங்கிய ‘முதலமைச்சரின் ஊட்டம் தரும் காய்கறித் தோட்டத் திட்டம்’ நகர்ப்புறக் குடும்பங்களுக்கு மாடித் தோட்டத் தளைகளை மானியத்துடன் 225 ரூபாய்க்கு வழங்கியது. வளர்ப்புப் பைகள், தென்னை நார்க்கழிவுக் கட்டிகள், ஆறு வகைக் காய்கறி விதைகள், உயிர் உரங்கள், டிரைக்கோடெர்மா, வேப்பம் மருந்து, கையேடு ஆகியவை அதில் இருந்தன. அத்தளையை மழைக்காலத்தில் பெறுபவர் நார்க்கழிவுக் கட்டியை மட்டுமே நிரப்பாமல், மேற்சொன்னபடி மண்ணும் பருமணலும் கலந்துகொள்வது நல்லது.

மாவட்டத்தில் திருப்பதிசாரத்தில் வேளாண் அறிவியல் நிலையமும், பேச்சிப்பாறையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும், கன்னியாகுமரியில் அரசு பழப்பண்ணையும் உள்ளன. மண் பரிசோதனைக்கும் நாற்றுக்கும் இவற்றை அணுகலாம்.

பயனும் எல்லையும்

நகர்ப்புறத் தோட்டம் நெருக்கடியில் எவ்வளவு தரும் என்பதற்கு உலக எடுத்துக்காட்டுகள் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் ஏறத்தாழ 2 கோடி ‘வெற்றித் தோட்டங்கள்’ இருந்தன. சோவியத் ஒன்றியம் சரிந்து இறக்குமதி நின்றபின், 1990களில் கியூபாவின் அவானா நகர் காலி மனைகளில் காய்கறி விளைவித்தது. பத்மநாபபுரத்து வீட்டுக்கு அத்தகைய நெருக்கடி இல்லை. ஆகவே கணக்கு நேர்மையாக இருக்க வேண்டும். பை, கலவை, விதை ஆகியவற்றின் செலவைச் சேர்த்தால் முதலாண்டுத் தக்காளி சந்தை விலையைவிடக் கூடுதலாகவே வரலாம். சில சதுர மீட்டர் மாடி ஒரு குடும்பத்தின் முழுக் காய்கறித் தேவையை நிறைவேற்றாது.

ஆனால் நாள்தோறும் சிறிதளவே வேண்டிய, விரைவில் வாடும் பொருட்களில் தோட்டம் சந்தையை வெல்லும். கறிவேப்பிலை, கீரை, மிளகாய், இஞ்சி, பூசைக்குப் பூ, இருமலுக்குக் கற்பூரவல்லி ஆகியவை அத்தகையவை. பூச்சிக்கொல்லி பற்றிய கவலையும் இதில் சேரும். 2015இல் தமிழ்நாட்டிலிருந்து செல்லும் காய்கறிகளில் பூச்சிக்கொல்லி எச்சம் இருப்பதாகக் கேரள உணவுப் பாதுகாப்புத் துறை கூறியது. தமிழ்நாட்டுத் தரப்பு அதை மறுத்தது. எது எவ்வாறாயினும், கழுவிய உடனே சமையலில் போடும் கறிவேப்பிலையும் கீரையும் வீட்டிலேயே வளர்ந்தால் அந்த ஐயத்துக்கு இடமில்லை.

புதிதாகத் தொடங்குபவர் முதலாண்டில் ஒரு கறிவேப்பிலை, ஒரு முருங்கை, இரண்டு காந்தாரி மிளகாய், ஒரு பசலைக்கொடி, நிழலில் இரண்டு பை இஞ்சி ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம். இவை எல்லாம் விளையில் நின்றவையே. பெரும்பாலும் இவ்வூர் மழையைத் தாங்குபவை. அந்த மழைக்காலத்தைக் கடந்தபின், தை மாதத்து வெயிலில் தக்காளியும் கத்தரியும் நடுவதே முறையான வரிசை.